கட்டுமரமும் கடன்பட்ட நாவும்

கொற்கை முத்தால் உலகறிந்த தென்கடல், ஆங்கிலத்திற்குச் சொற்களையும் ஈந்தது. மரங்களைக் கயிற்றாற் பிணித்துக் கடலோடிய பரதவர் தம் கலத்திற்கு இட்ட பெயர் கட்டுமரம். செய்முறையே பெயராய் நிற்கும் செஞ்சொல் இது! ஆங்கிலக் கடலோடி தாம்பியர் 1697-இல் வெளியிட்ட செலவு நூலிலேயே இச்சொல் இடம்பெற்றது.

ஆங்கிலர் அதனைக் 'கேட்டமரான்' எனத் திரித்தனர். பின்னர்ப் பொருளையும் மாற்றினர். 1876-இல் அமெரிக்கர் ஒருவர் கட்டிய இரட்டையுடற் பாய்ப்படகு போட்டியில் முந்தியது. காலப்போக்கில் அச்சொற்கு இரட்டைப் படகு என்னும் பொருளே மேலோங்கியது.

கொண்டவன் தன் தேவைக்கேற்ப மாற்றினான், அதிற் குற்றமில்லை. கொடுத்தவன் மறந்ததே குற்றம். தூத்துக்குடிக் கரையில் வாழும் தமிழனும் இரட்டைப் படகைக் 'கேட்டமரான்' என்கிறான். அது தன் பாட்டன் சொல்லென்று அறியான்!

நாரிழைப் படகுகள் பெருகக் கட்டுமரம் அருகி வருகிறது. கலம் போயினும் சொல்லும் போகலாமா? தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றது. சிப்பி விளையும் கடலடித் திட்டைக் குறிக்கும் 'பார்' என்னும் சொல், முத்தெடுப்பைப் பற்றிய பழைய ஆங்கில அறிக்கைகளில் அப்படியே கிடக்கிறது. தமிழ் மாணவரைக் கேட்டாலோ விழிக்கின்றனர்!

இரட்டைப் படகை இரட்டைப் படகென்றும், கட்டுமரத்தைக் கட்டுமரமென்றுமே தமிழர் வழங்குக! தமிழாசிரியர் கடற்கரைக்குச் செல்க! கொண்டல், வாடை, சோழகம் எனக் காற்றுக்கொரு பெயரிட்ட பரதவர் நாவிலிருந்து சொற்களைத் திரட்டுக! மாணவர்க்கு ஊட்டுக!

முத்துப்பார் வறண்டது, சொற்பார் வறளலாகாது.