கரையும் பூச்சு, கரையாத கம்பி

எங்கள் சிறுசேமிப்புக் குழுவில் உள்ள ஓர் அக்காவுக்குக் கடந்த ஆண்டு மாரடைப்பு வந்தது. இதயக் குழாயில் 'ஸ்டென்ட்' வைத்தார்கள். நான்கு மாதங்களின் பின் அவரது வீட்டுக்குப் போனபோது குளிசைகள் அப்படியே கிடந்தன.

"வைச்ச மருந்து மூன்று நாலு மாதத்தில கரைஞ்சு போயிடுமாம் தங்கச்சி. பிறகேன் குளிசை?" என்றார்.

அவர் கேள்விப்பட்டதில் பாதி சரி. பிரசவத் தையலுக்குப் பிரிக்கத் தேவையில்லாத நூல் உண்டல்லவா? அதில் ஒரு வகை லக்டிக் அமிலம், கிளைக்கோலிக் அமிலம் ஆகியவற்றாலான பல்பகுதியம். உடலின் நீர் பட்டுச் சிறிது சிறிதாகச் சிதைந்துவிடும். அதே இனப் பொருளில் மருந்தைக் கலந்து ஸ்டென்டின் மேல் மெல்லிய பூச்சாகப் பூசுகிறார்கள்.

ஸ்டென்ட் என்பது குழாயை விரித்து வைத்திருக்கும் உலோக வலை. வெறும் உலோகம் என்றால், காயம் ஆறும்போது இழையம் மிகையாக வளர்ந்து குழாய் மறுபடி ஒடுங்கலாம். பூச்சிலிருந்து கசியும் மருந்து அதைத் தடுக்கிறது. 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதலாவது மருந்து ஸ்டென்டில் பூச்சு கரையாமல் தங்கியது. அது குழாய்ச் சுவரை உறுத்தி, பிற்காலத்தில் இரத்தம் உறையக் காரணமாகலாம் என்ற கவலை எழுந்தது. 2015இல் அங்கு அனுமதி பெற்ற 'சினர்ஜி' வகையில் பூச்சு ஏறத்தாழ நான்கு மாதங்களில் கரைகிறது.

ஆனால் கரைவது பூச்சு மட்டுமே. உலோகம் உள்ளேயே இருக்கும். அதில் இரத்தம் உறையாமல் காப்பவை அஸ்பிரின், குளோப்பிடோகிறெல் போன்ற குளிசைகள். மாரடைப்பின் பின் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வழக்கமாக இவ்விரு வகையையும் ஓராண்டளவு கொடுப்பார்கள். பின்னரும் ஒன்று தொடரும். இடையில் நிறுத்தினால் குழாய் திடீரென அடைபட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். பல் பிடுங்குவதற்காகக்கூட, இதய வைத்தியரைக் கேளாமல் நிறுத்தக்கூடாது.

பேசப் பேச இன்னொன்றும் தெரிந்தது. ஒரு மாதம் கிளினிக்கில் ஒரு குளிசை இருக்கவில்லை. வெளியில் வாங்க, மகளின் ரியூசன் காசை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. "கரைஞ்சு போயிடும்" என்ற பேச்சு அவருக்கு ஆறுதலாகிவிட்டது.

மறுநாளே இருவரும் கிளினிக்குக்குப் போனோம். வைத்தியர் ஏசவில்லை, மீண்டும் தொடங்கச் சொன்னார். அந்த மாதக் குளிசைக்குக் குழு கடன் கொடுத்தது.

சகோதரிகளே, பணமில்லாமல் மருந்தை நிறுத்துவதாயின் வெட்கப்படாமல் யாரிடமாவது சொல்லுங்கள். நெஞ்சு இறுகினாலோ மூச்சு முட்டினாலோ சமையல் முடியட்டும் என்று இருக்காதீர்கள். 1990ஐ அழையுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம்.