வருஷத்துக்குப் பதினைந்து ஞாயிறு

ஜெர்மனிக்குப் படிக்கப் போன நம் பிள்ளைகள் முதல் மாதம் வீட்டுக்குப் போன் பண்ணும்போது தவறாமல் சொல்கிற புகார் ஒன்று உண்டு. ‘ஞாயித்துக்கிழம ஒரு கடை கிடையாதும்மா. ஊரே செத்துக் கெடக்கு!’

கேட்டுவிட்டு நீங்களும் ‘அடப் பாவமே’ என்று உச்சுக் கொட்டியிருப்பீர்கள். நான் சொல்கிறேன், பாவம் அந்த ஊர்க்காரர்கள் இல்லை. நாம்தான்!

ஆழ்வார்குறிச்சியில் ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். 2019 முதல் ஊர் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. நம் வாயில் மட்டும் இன்னும் திருநெல்வேலிதான்! அந்தத் தெருவில் ஒரு வீட்டுப் பையன் மியூனிக்கில் படிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடனாநதியில் குதித்து விளையாடியவன். இந்தக் கதை ஒன்றும் அபூர்வமில்லை. 2023-24-ல் ஜெர்மனியில் படித்த இந்திய மாணவர்கள் 49,000-க்கும் மேல். வெளிநாட்டு மாணவர்களில் நாம்தான் முதலிடம்.

அவனுடைய சனிக்கிழமை ஒரே ஓட்டம். காலி பிளாஸ்டிக் பாட்டில்களை மெஷினில் போட்டு ஆளுக்கு, மன்னிக்கவும், பாட்டிலுக்கு 25 சென்ட் வாங்க வேண்டும். பால், ரொட்டி, வெங்காயம் எல்லாம் வாங்கிவிட வேண்டும். இரவு 8 மணிக்கு ஷட்டர் இறங்கினால் இனி திங்கட்கிழமைதான். ஞாயிற்றுக்கிழமை ரயில் நிலையக் கடை, பெட்ரோல் பங்க், சில மணி நேரம் திறக்கும் பேக்கரி. அவ்வளவுதான். சுவரில் டிரில் போட்டால் பக்கத்து வீட்டுத் தாத்தா கதவைத் தட்டுவார். கண்ணாடி பாட்டிலைக் குப்பைத் தொட்டியில் போடக்கூட அன்றைக்குத் தடை. சத்தம் வருமாம்! 7.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகள் இரவு 10 மணி வரை ரோட்டில் ஓடக் கூடாது.

ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் கடை திறந்திருக்கும் ஊரில் வளர்ந்த அமெரிக்கப் பையனும் அங்கே இதே பாட்டைத்தான் பாடுவான். ‘வீக் எண்டில் என்னய்யா பண்றது?’ இரண்டு மாதத்தில் பதில் கிடைத்துவிடும். இசார் ஆற்றங்கரைக்குப் போனால் மியூனிக்கே அங்கேதான் இருக்கிறது. தாத்தா, பாட்டி, பேரன், நாய்க்குட்டி. காசு செலவழிக்காமல் ஒரு நாள் கழிக்கலாம் என்பதை அங்கே போய்த்தான் கற்றுக்கொள்கிறான். இரவு 8.15-க்கு டி.வி.யில் ‘டாட்டோர்ட்’ துப்பறியும் தொடர். 1970 முதல் ஓடுகிறது. பாதி ஊர் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கும்.

இதெல்லாம் சோம்பேறித்தனம் இல்லை, சட்டம். ஞாயிறு ஓய்வு நாள் என்று 1919-லேயே அரசியல் சட்டத்தில் எழுதினார்கள். 1949-ல் புதிய அரசியல் சட்டம் வந்தபோதும் அந்தப் பிரிவை அப்படியே சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறும் கடை திறக்கலாம் என்று பெர்லின் மாநிலம் சட்டம் போட்டது. சர்ச்சுகள் வழக்குப் போட்டன. 2009 டிசம்பர் 1 அன்று உச்ச அமைப்பான அரசியல் சட்ட நீதிமன்றம், வியாபார லாபமும் வாங்குகிறவரின் ஆசையும் மட்டும் அதற்குப் போதுமான காரணம் இல்லை என்று சொல்லிவிட்டது.

‘அங்கே மட்டும் நர்ஸ் வேலை செய்யலையா, பஸ் ஓடலையா?’ என்பீர்கள். செய்கிறார்கள், ஓடுகிறது. பெர்லினில் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் பீட்சா கொண்டு போகிற பையன்களில் நம் நாட்டு மாணவர்களே நிறைய. அது ஒன்றும் சொர்க்கம் இல்லை. ஆனால், ஒரு விதி இருக்கிறது. ஞாயிறு வேலை செய்தால் இரண்டு வாரத்துக்குள் மாற்று ஓய்வு நாள் தர வேண்டும். அதோடு, வருஷத்தில் குறைந்தது 15 ஞாயிறு லீவாக இருக்க வேண்டும். சில துறைகளில் ஒப்பந்தம் போட்டு எண்ணிக்கையைக் குறைக்கலாமே தவிர, அடியோடு அழிக்க முடியாது.

இப்போது அதே தெருவில் எதிர் வீட்டுக்கு வாருங்கள். அந்த வீட்டுப் பெண் சென்னையில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் இப்படி வந்து நிற்கிற கதையை 2010-ல் ‘அங்காடித் தெரு’ படத்தில் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். துடைத்த கையோடு, அடுத்த ஞாயிறே புடவை எடுக்கப் போனோம்.

அவளுக்கு லீவு இல்லையா? ஏட்டில் உண்டு. 1947-ன் கடைகள் சட்டம் வாரம் ஒரு நாள் விடுமுறை என்கிறது. 2019-ல் பெரிய கடைகள் 24 மணி நேரமும், 365 நாளும் திறக்கலாம் என்று அரசாணை வந்தபோதும், ஊழியருக்குச் சுழற்சி முறையில் வார விடுமுறை உண்டு என்றார்கள். சரி. ஆனால், சுழல்கிற அந்தச் சக்கரம் ஞாயிற்றுக்கிழமையில் வந்து நிற்குமா? வியாபாரமே அன்றைக்குத்தானே! அவளுக்கு லீவு புதன்கிழமை. அன்றைக்குத் தோழிக்கு லீவு இல்லை. அண்ணனுக்கு லீவு இல்லை. கல்யாணமும் காதுகுத்தும் புதன்கிழமை பார்த்து வருமா? தனியாக ஹாஸ்டலில் துணி துவைத்துத் தூங்குவதற்குப் பெயர் ஓய்வு என்றால், அது உடம்புக்கு மட்டும்தான்.

ஊரில் இருக்கும் அவள் அம்மா கதை இன்னும் மோசம். மடியில் தட்டை வைத்து பீடி சுற்றுகிறவளுக்கு ஞாயிறு ஏது, திங்கள் ஏது? சுற்றினால்தான் கூலி.

‘ஞாயிறு என்பது கிறிஸ்தவ சமாசாரம், நமக்கெதற்கு?’ என்று சிலர் கிளம்புவார்கள். பம்பாய் மில் தொழிலாளிகளுக்கு ஞாயிறு லீவை 1890-ல் வாங்கித் தந்தவர் நாராயண் மேகாஜி லோகாண்டே. மராட்டியர். ஆறேழு வருஷம் போராடித்தான் வாங்கினார். எந்தக் கிழமை என்பது பிரச்னையே இல்லை. சலூனுக்குச் செவ்வாய் லீவு என்றால் ஒருவரும் கேள்வி கேட்பதில்லையே! வீடே சேர்ந்து சும்மா இருக்க ஒரு நாள் வேண்டும் என்பதுதான் பிரச்னை. பள்ளிக்கூடமும் ஆபீஸும் ஞாயிறு லீவு என்று ஆன பிறகு, அந்த நாள் ஞாயிறுதான்.

கடையைப் பூட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கும் அன்றைக்குத்தான் நேரம், தெரியும். நான் கேட்பது 15 ஞாயிறு. 52-ல் 15. கணக்குப் போட்டுப் பாருங்கள். எந்த ஞாயிறும் பத்து பேரில் மூன்று பேர் லீவில் இருப்பார்கள், ஏழு பேர் கடையில் நிற்பார்கள். இதற்கா வியாபாரம் படுத்துவிடும்? சில பண்டிகைக் கால ஞாயிறுகளை விட்டுவிட்டு மற்றவற்றில் பிரித்துக் கொடுங்கள். சட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

முடியாத காரியமில்லை. கடை ஊழியர்கள் உட்காருவதற்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் இங்கே சட்டம் வந்தது. உட்காரவே அத்தனை வருஷம்! 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பிய சில நாளிலேயே நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். கேட்டால் நடக்கிறது சார்.

அடுத்த ஞாயிறு புடவையை விரித்துக் காட்டுகிற பெண்ணிடம் விலையோடு சேர்த்து இன்னொன்றும் கேளுங்கள். ‘கடைசியா எப்பம்மா ஞாயித்துக்கிழம லீவு கெடச்சுது?’ அவள் யோசிக்கிற நேரத்தைக் கவனியுங்கள். பிறகு, நான் கேட்பது அதிகமா என்று சொல்லுங்கள்.