மரம் தலைகீழாக மூச்சு விடுவதில்லை

நாம் ஆக்சிஜனை இழுத்துக் கரியமில வாயுவை விடுகிறோம், மரம் கரியமில வாயுவை இழுத்து ஆக்சிஜனை விடுகிறது: இதைச் சொல்லாத மரநடு விழா இல்லை. இதன் கிளைகளும் ஊரெங்கும் பரவியிருக்கின்றன. இரவில் மட்டும் மரங்கள் மாற்றிச் சுவாசிக்கும், அதனால்தான் புளியமரத்தடியில் படுக்கக் கூடாது என்பது ஒன்று. பேய் பிடிக்கும் என்று முன்னோர் சொன்னதற்கு அதுவே அறிவியல் காரணம் என்று பகுத்தறிவு பேசுபவர்களும் இதை எடுத்துக்கொள்கிறார்கள். அரசமரம் மட்டும் 24 மணி நேரமும் ஆக்சிஜன் தரும் என்பது இன்னொன்று. இவை எல்லாவற்றுக்கும் ஆணிவேர் ஒரே பிழைதான். செடி உணவு தயாரிப்பதை அதன் சுவாசம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

சுவாசம் என்பது உணவை ஆக்சிஜனோடு சேர்த்து ஆற்றலைப் பிரித்தெடுக்கும் வேலை. அந்த ஆற்றல் இல்லாமல் செல் வளராது, பழுதைச் சரிசெய்துகொள்ளாது. நம் செல்களில் இதைச் செய்யும் மைட்டோகாண்ட்ரியா வேம்பின் இலையிலும் வேரிலும் பூவிலும் இருக்கிறது. இரவு பகல் பாராமல் வேலை செய்கிறது. ஒளிச்சேர்க்கை வேறு. அது பச்சையம் உள்ள பாகத்தில், வெளிச்சம் உள்ள வேளையில் மட்டும் நடக்கும் சமையல். இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. வெளிச்சம் பட்டால்தான் இலை நல்ல காற்றை வெளியிடுகிறது, இருட்டில் காற்றைக் கெடுக்கிறது என்று யான் இங்கன்ஹௌஸ் என்ற ஆய்வாளர் 1779இலேயே காட்டிவிட்டார். செடிகளும் ஆக்சிஜனை உட்கொள்கின்றன என்பதை 1804இல் சொசூர் என்ற ஆய்வாளர் அளந்தே எழுதினார். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். முளைகட்டும் பயறு துணி மூட்டைக்குள் சூடேறுவது சுவாசத்தால்தான். மூடிக் கிடந்த தானியக் குழிக்குள் சட்டென்று இறங்குபவர் மயங்கி விழுவதற்கும், தானியமும் அதில் வளரும் பூஞ்சையும் உள்ளிருந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவது ஒரு காரணம். பயறிலும் நெல்மணியிலும் தலைகீழ்ச் சுவாசம் எங்கே இருக்கிறது?

பகலில் இலை எடுப்பதைவிட வெளியிடும் ஆக்சிஜன்தானே அதிகம், கணக்கில் மிஞ்சுவதைச் சொன்னால் என்ன தவறு என்று கேட்கலாம். கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கு இலைக்கு மட்டும் பொருந்தும், வேருக்குப் பொருந்தாது. வெளிச்சமே காணாத வேர், மண்ணின் இடுக்குகளில் உள்ள காற்றை நம்பி வாழ்கிறது. செடிக்கு ஆக்சிஜன் தேவையில்லை என்று நம்புகிறவர் தொட்டியில் தினமும் தண்ணீரை நிரப்புகிறார். வேர் மூச்சுத் திணறி அழுகுகிறது. இலை வாடியதும் இன்னும் ஒரு குடம் ஊற்றுகிறார். உழவர் அறிவு இதைவிட மேலானது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவதும், வாழைத் தோப்பில் வடிகால் எடுப்பதும், மண்ணைக் கொத்திவிடுவதும் வேருக்குக் காற்று தருகிற வேலைகள். பிச்சாவரத்துச் சேற்றில் கண்டல் மரங்கள் மூச்சு வேர்களை மேல்நோக்கி நீட்டுவதும் இதற்காகவே.

இனி இரவுக்கு வருவோம். ஒரு சதுர மீட்டர் இலை இரவில் ஒரு மணி நேரத்துக்கு வெளியிடும் கரியமில வாயு ஏறத்தாழ 90 மில்லிலிட்டர். ஓய்வாகப் படுத்திருக்கும் மனிதர் அதே நேரத்தில் சுமார் 12 லிட்டர் விடுகிறார். அதாவது, நூறு சதுர மீட்டருக்கு மேற்பட்ட இலை சேர்ந்தால்தான் ஓர் ஆளுக்கு ஈடாகும். நெடிதுயர்ந்த புளியமரமும் ஒரு குடும்பம் விடுகிற அளவைத்தான் விடும், அதுவும் திறந்த வெளியில். பக்கத்தில் படுத்திருப்பவரைக் கண்டு அஞ்சாதவர் மரத்தைக் கண்டு அஞ்சுவானேன்? அரசமரத்தின் புகழும் இதே கணக்கில் நிற்காது. செடி விடும் ஆக்சிஜன் தண்ணீரைப் பிளப்பதால் வருகிறது. இதை 1941இல் ஆக்சிஜனின் கனமான வகையைக் கொண்டு ரூபன், கேமன் என்ற ஆய்வாளர்கள் உறுதி செய்தார்கள். அந்தப் பிளவுக்கு ஒளி வேண்டும். சில செடிகள் இரவில் கரியமில வாயுவை உள்வாங்கிச் சேமிப்பது உண்மை. கற்றாழையும் அன்னாசியும் அப்படித்தான். அரசும் அவ்வாறு செய்யும் என்றே வைத்துக்கொண்டாலும், உள்வாங்குவது வேறு, ஆக்சிஜனை விடுவது வேறு. இருட்டில் ஆக்சிஜன் தரும் மரம் எதுவும் இல்லை.

நம்பிக்கை தவறானாலும் நாலு பேரை மரம் நட வைக்கிறதே என்பது கடைசி வாதம். அதன் விலையைப் பார்ப்போம். மேற்கு வங்கத்தில் ரயில்வே மேம்பாலங்களுக்காக மரம் வெட்டும் வழக்கில் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு ஒரு மரத்தின் மதிப்பை ஆண்டுக்கு 74,500 ரூபாய் என்று கணித்தது. அதில் 45,000 ரூபாய் ஆக்சிஜனுக்கு மட்டும். மரத்தைக் காக்கும் நல்ல நோக்கம்தான், ஆனால் கட்டிய அடித்தளம் பலவீனமானது. காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு இருக்கிறது; நாலு மரம் போனால் அது குறையாது. அமேசான் காடே தான் உண்டாக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய முழுவதையும் தன் சுவாசத்துக்கும் தன் மட்கலுக்கும் செலவழித்துவிடுகிறது. இதை அறிந்த ஒப்பந்ததாரர் நாளை எழுந்து, ஆக்சிஜனுக்குக் குறைவில்லை, வெட்டலாம் என்றால் நம்மிடம் பதில் இருக்காது. நிழல், நீராவியால் வரும் குளிர்ச்சி, மண்ணைப் பிடித்து நிறுத்தும் வேர், பறவைக்கும் பூச்சிக்கும் இடம், தண்டில் சேர்ந்த கார்பன் என்று மரத்துக்கு உண்மையான வாதங்கள் நிறைய உண்டு. நம்மைப் போலவே உண்டு, மூச்சு விட்டு, வளர்ந்து, முதுமையடையும் உயிர் என்பது அவற்றுள் முதலாவது. நமக்கு மூச்சுக் கொடுக்கவே நிற்கிற எந்திரம் என்று சொல்லிக் காப்பாற்றப்படும் மரம், அந்த எந்திரம் தேவையில்லை என்று தெரிந்த அன்றே வெட்டப்படும்.