ஒரு வரியைத் திருத்த முழுப் பில்லையும் அழிக்கலாமா?

ஏற்காட்டில் மொத்த வியாபாரம் செய்யும் எனக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்றை நம் உறுப்பினர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கரடியூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பருக்கு 14 அயிட்டங்கள் கொண்ட ஒரு பில். ஐந்தாவது வரியில் எண்ணெய் 3 டின் என்பதை 13 என்று எங்கள் கடைப் பையன் அடித்துவிட்டான். சரக்கும் பில்லும் டெம்போவில் போன பிறகுதான் தவறு தெரிந்தது. உடனே பையன் பில் முழுவதையும் அழித்துவிட்டு, அதே நம்பரில் மறுபடி அடித்தான். அவசரத்தில் சர்க்கரையும் துவரம் பருப்பும் விட்டுப்போயின.

மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் அவர் கையில் ஒரு பில், என் கம்ப்யூட்டரில் வேறு பில். பழையதற்குச் சுவடே இல்லை. "ஐயா, எண்ணெய் மூணு டின்தான் வந்தது. ஆனா சர்க்கரையும் பருப்பும் வந்ததே, அதை ஏன் விட்டுட்டீங்க?" என்று அவரே கேட்டார். அவருடைய நாணயத்தால் என் பணம் தப்பியது. எப்போதும் அப்படி அமையுமா?

பேரேடு எழுதிய நாளில் தவறான வரியை ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்து வைப்போம். ஏட்டைக் கிழிக்க மாட்டோம்.

பில் முழுதும் பதிய வேண்டும், இல்லையேல் எதுவுமே பதியக் கூடாது என்பது டேட்டாபேஸின் முறை. கரண்ட் போனாலும் பாதிப் பில் நிற்காமல் காப்பது இதுவே. நடுவில் 'சேவ்பாயிண்ட்' என்று அடையாளம் வைத்து அதுவரை திரும்பவும் வழியுண்டு. ஆனால் நம் மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பதினைந்தாவதிலிருந்து எட்டாவதற்கு இறங்கினால் இடையில் ஏறியதெல்லாம் வீண். அதுபோல அடையாளத்துக்குப் பின் அடித்த எல்லா வரியும் போய்விடும். பில் பதிந்து முடிந்துவிட்டாலோ அந்த வழியும் அடைபடும். பிறகு எதிர்ப்பதிவு போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும்.

ஜி.எஸ்.டி. நடைமுறையும் அப்படித்தான். 1-8-2023 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேற்பட்டவர்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம். அதை 24 மணி நேரத்துக்குள் முழுதாக ரத்து செய்யலாம். ஒரு வரியை மட்டும் ரத்து செய்ய இயலாது. ரத்தான நம்பர் மறுபடி உதவாது. கூடுதலாகப் பில் போட்டிருந்தால் 34-வது பிரிவின்படி கிரெடிட் நோட் கொடுக்கலாம். கம்பெனிகளின் கணக்கு சாப்ட்வேரில் ஒவ்வொரு திருத்தமும் தேதியுடன் பதிவாக வேண்டும் என்பது 1-4-2023 முதல் விதி. நாமும் அதைக் கடைப்பிடிப்பது நல்லது.

ஆகவே சாப்ட்வேர் வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். திருத்தினால் பழையது தெரியுமா? திருத்தியவர் பெயர் நிற்குமா? பில்லை அழிக்கும் அதிகாரத்தை முதலாளியே வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பதிவு போட்டால் அதன் நகலை அன்றே வாடிக்கையாளருக்கு அனுப்புங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். கரடியூர் நண்பரும் இன்றுவரை என்னிடமே சரக்கு எடுக்கிறார்.