முகாமில் கண்வலி: மருந்தைவிட முந்திச் சொல்வதே முக்கியம்

கண்வலியால் உயிர் போவதில்லை. பெரும்பாலோருக்கு ஓரிரு வாரங்களில் தானாகவே ஆறிவிடும். அதனால் வீட்டில் யாரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை. ஆனால் பல பேர் ஒரே கூடத்தில் படுத்து எழும் ராணுவ முகாமில் நிலைமை வேறு. அங்கே ஒருவருக்கு வந்த கண்வலி ஒரு பிரிவையே முடக்கிவிடலாம்.

சிங்கப்பூரில் தேசிய சேவையாளர்கள் பலர் புலாவ் தேக்கோங் தீவில் அடிப்படைப் பயிற்சி பெறுகின்றனர். மலேசியாவில் 2025இல் மீண்டும் தொடங்கிய தேசிய சேவைப் பயிற்சியிலும் இளையர்கள் 45 நாள் முகாமில் தங்குகின்றனர். இரு பக்கமும் நம் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கண்வலிக்காரரைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது வெறும் நம்பிக்கை. கிருமி கையில்தான் பயணம் செய்கிறது. பகிர்ந்துகொள்ளும் துவாலை, கைமாறும் துப்பாக்கி, தொலைநோக்கி, முகத்தில் பூசும் மறைப்புச் சாயம் என முகாமில் அதற்கு வழிகள் அதிகம். அடினோ கிருமி காய்ந்த பொருள்களின் மேல் பல நாள் உயிரோடிருக்கும். ஆல்கஹால் கலந்த கைச் சுத்திகரிப்பானை மட்டும் நம்ப முடியாது. சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

இந்த வட்டாரத்திற்குக் கண்வலி புதிதல்ல. 1970இல் சிங்கப்பூரில் அது பெருமளவில் பரவியபோதுதான், காக்ஸாக்கி ஏ24 கிருமியின் புதிய வகை முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இந்த வகை தொற்றினால் ஓரிரு நாளில் கண் சிவந்துவிடும். அடினோ கிருமியோ ஒரு வாரம், சில சமயம் அதற்கு மேலும், சத்தமின்றி இருக்கும். நோயாளியைப் பிரித்து வைப்பதற்குள் அடுத்தவருக்குத் தொற்றியிருக்கக்கூடும்.

மருந்தகமும் கவனமாக இருக்க வேண்டும். 1941இல் பேர்ல் ஹார்பர் கப்பல் தளத்தில் தொழிலாளர்களிடையே கண்வலி கடுமையாகப் பரவியது. கண்ணில் விழுந்த தூசியை எடுக்கப் போன இடத்திலேயே, சரியாகச் சுத்தம் செய்யாத கருவிகளாலும் கைகளாலும் பலருக்குத் தொற்றியது. சிகிச்சை தரும் இடமே நோய் பரப்பும் இடமானது.

கிருமிக்கொல்லி மருந்து இந்த வகைக் கண்வலியைக் குணப்படுத்தாது. எனவே தடுப்பு என்பது அன்றே தெரிவிப்பது, அன்றே பிரித்து வைப்பது, படுக்கை விரிப்பையும் கருவிகளையும் சுத்தம் செய்வது ஆகியவைதான். சிக்கலும் இங்கேதான். பயிற்சி நாள்கள் போனால் பின்தங்கிவிடுவோம் என்று அஞ்சும் இளையர் கண்ணைக் கசக்கிக்கொண்டே அணிவகுப்பில் நிற்பார். நோயைச் சொன்னவர் நட்டப்படும் ஏற்பாட்டில் யாரும் சொல்லமாட்டார்கள். விட்டுப்போன பயிற்சியை ஈடுசெய்ய வழி கொடுத்தால் மறைப்பதற்குக் காரணமே இருக்காது.

பெற்றோருக்கும் பங்குண்டு. விடுப்பில் வரும் பிள்ளையின் கண் சிவந்திருந்தால், "யாரிடமும் சொல்லாதே" என்று திருப்பி அனுப்பக்கூடாது. தாய்ப்பால், இலைச்சாறு, கடையில் வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்து எதையும் கண்ணில் விடக்கூடாது. பார்வை மங்கினாலோ, வலி கடுமையானாலோ, வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ, கான்டாக்ட் லென்ஸ் அணிபவராக இருந்தாலோ உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.