முதலில் லொக்கைக் காட்டுங்கோ

இலங்கையில் ஏன் இத்தனை ஒரு லீற்றர் டேர்போ கார்கள் ஓடுகின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? பெரிய காரணம் வரி. இங்கே பெற்றோல் காருக்கான வரி, எஞ்சின் எத்தனை சீசீ என்பதைப் பார்த்துப் போடப்படுகிறது. 1000 சீசீயைத் தாண்டினால் ஒரு படி ஏறும். அதனால்தான் ஹொண்டா சிவிக் போன்ற பெரிய உடம்புக்காரன் 988 சீசீ எஞ்சினோடு எங்கட நாட்டுக்கு வந்து இறங்கினான். டொயோட்டா ரைஸ், சுசுகி சுவிஃப்டின் டேர்போ வகை எல்லாம் அந்தப் பாதையால் வந்தவைதான். சின்ன எஞ்சின், மூன்று சிலிண்டர், இழுவைக்கு ஒரு டேர்போ.

இந்தக் கார்களைச் சுற்றி இப்ப ஒரு வியாபாரம் வளர்ந்திருக்கிறது. லப்டொப்போடு வருவினம், ஸ்டியரிங்குக்குக் கீழே வயரைக் குத்துவினம், கொஞ்ச நேரத்தில் "ஸ்டேஜ் 1 முடிஞ்சுது தம்பி, ஓடிப் பாருங்கோ, வித்தியாசம் தெரியும்" என்பினம். தெரியும்தான். அதை நாங்கள் மறுக்கவில்லை. அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது, அதற்கு யார் விலை கொடுக்கப்போகிறார்கள் என்பதுதான் எங்கள் கேள்வி. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தியபிறகு பழைய கார்களின் விலைகூட எங்கேயோ போய்விட்டது. பல வீடுகளில் கார் என்பது இன்னும் கட்டி முடியாத லீசிங். அதன் எஞ்சினில் கை வைப்பது பெடியளின் விளையாட்டு மட்டுமில்லை, வீட்டின் சேமிப்பில் கை வைப்பது.

முதலில் டேர்போவின் நியாயத்தைச் சொல்லிவிடுவோம். சைலன்சருக்குப் போகும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சாதாரண எஞ்சின் இழுக்கும் காற்றின் அமுக்கம் கிட்டத்தட்ட 1 பார். டேர்போ 0.8 பார் பூஸ்ட் கொடுத்தால் உள்ளே இருப்பது 1.8 பார். காற்றுக் கூடினால் அதற்கேற்பப் பெற்றோலையும் கூட்டலாம், இழுவை கூடும். எவ்வளவு பூஸ்ட் என்பதைத் தீர்மானிப்பவை எஞ்சினை ஆளும் கணினியான ஈ.சி.யூ.வுக்குள் இருக்கும் எண்கள். டேர்போ இல்லாத எஞ்சினில் அந்த எண்களை மட்டும் மாற்றிப் பெரிதாக ஒன்றும் எடுக்க ஏலாது. டேர்போ எஞ்சினில் எடுக்கலாம். ஆகவே ரீமேப் முழுக்க ஏமாற்று என்று சொல்லும் பெரியவர்களோடு நாங்கள் உடன்படவில்லை.

அப்படியானால் கம்பனிக்காரன் ஏன் அந்த இழுவையை விட்டுவைத்தான்? "வேணுமெண்டு பூட்டி வைச்சிருக்கிறாங்கள், நாங்கள் திறந்து விடுறம்" என்பது வியாபாரப் பேச்சு. இரண்டு உதாரணங்களைப் பாருங்கள்.

ஐரோப்பாவுக்காகச் செய்த பத்தாம் தலைமுறை சிவிக்கின் ஒரு லீற்றர் டேர்போவுக்கு, கையால் கியர் மாற்றும் காரில் 200 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை. அதே எஞ்சின் சி.வி.ரி. கியர்பெட்டியோடு வரும்போது 180. ஹொண்டா தானே 20ஐக் குறைத்து வைத்திருக்கிறது. சி.வி.ரி.யில் இழுவையைச் சுமப்பது இரண்டு கப்பிகளுக்கு நடுவே இறுகப் பிடிக்கப்பட்ட ஒரு உலோகப் பட்டி. பட்டி வழுக்கினால் கியர்பெட்டி முடிந்தது. இங்கே ஓடும் சிவிக்குகளில் பெரும்பாலானவை சி.வி.ரி. எஞ்சின் தாங்கும் என்று சொல்பவர்கள் கியர்பெட்டியைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இரண்டாவது சுசுகி. ஜப்பானில் கே10சி என்ற அதே ஒரு லீற்றர் டேர்போ, உயர் ஒக்டேன் பெற்றோலுக்காக அமைக்கப்பட்ட பலேனோவில் 111 குதிரைவலு. சாதாரண பெற்றோலுக்காக அமைக்கப்பட்ட சுவிஃப்டில் 102. பெற்றோலின் தரம் இறங்கியபோது கம்பனியே வலுவை இறக்கியது. எங்கட ஷெட்டுகளில் பெரும்பாலும் கிடைப்பது 92உம் 95உம். ஊர்ப்பக்கம் 95ஐத் தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும் அது எப்போதும் கையில் அகப்படாது என்று. வெளிநாட்டில் 98 ஒக்டேனுக்கு எழுதிய ஒரு கோப்பை இங்கே 92 அடிக்கும் காரில் ஏற்றினால் என்ன நடக்கும்?

நொக் நடக்கும். பிளக் பொறி மூட்டிய சுவாலை வந்து சேரும்வரை ஒழுங்காகக் காத்திருந்து எரியவேண்டிய கலவை, அமுக்கமும் சூடும் தாங்காமல் ஒரு மூலையில் தானாக வெடிப்பது. டேர்போவின் ஆதிகால எதிரி இதுதான். 1962இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், உலகில் விற்பனைக்கு வந்த முதல் டேர்போ கார்களில் ஒன்று. நொக்கைத் தடுக்க அதில் தண்ணீரும் மெதனோலும் கலந்த திரவத்துக்குத் தனித் தொட்டி வைத்தார்கள். ஓட்டியவர்கள் அதை நிரப்ப மறந்தார்கள். இரண்டு வருடத்தில் அந்தக் காரின் கதை முடிந்தது.

இன்றைய எஞ்சின் கெட்டிக்காரன். நொக் சென்சர் வெடிப்பைக் கேட்டதும் ஈ.சி.யூ. பொறி விடும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும். எஞ்சின் தப்பும், ஆனால் காசு கொடுத்து வாங்கிய இழுவை அந்த இடத்திலேயே கரைந்துபோகும். சித்திரை வெயிலில், ட்ரபிக்கில் நின்று சூடேறிய இன்டர்கூலரோடு மிதித்துப் பாருங்கள். முதல் மிதியில் இருந்த சீற்றம் மூன்றாவது மிதியில் இருக்காது. அதற்குமேலும் ஒரு ஆபத்து இருக்கிறது. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெற்றோல் பீச்சும் சின்ன டேர்போக்களில், குறைந்த சுற்றில் கனக்க இழுவை கேட்கும்போது, பொறி விழுவதற்கு முன்பே கலவை எரிந்துவிடும். பிஸ்டனில் வளையம் உட்காரும் விளிம்பை உடைப்பதற்கு அப்படி ஒன்றிரண்டு அடி போதும். இதற்காகவே 2020இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.பி. தரத்தில் எஞ்சின் ஒயிலுக்குத் தனிப் பரிசோதனை வைத்திருக்கிறார்கள். ரீமேப்பில் மலிவாகக் கூட்டிக் காட்டக்கூடியதும் அதே குறைந்த சுற்று இழுவைதான். ஓடிப் பார்க்கும்போது உடனே முதுகில் தெரிவதும் அதுதான்.

ஆகவே எங்கள் நிலைப்பாடு இது: லொக் காட்டாதவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

லொக் என்றால் கார் ஓடும்போது ஈ.சி.யூ. பார்க்கும் எண்களின் பதிவு. ரீமேப்புக்கு முன் ஒன்று, பின் ஒன்று, அதே றோட்டில், அதே பெற்றோலில். அதில் ஐந்தைப் பாருங்கள். கேட்ட பூஸ்ட் எவ்வளவு, கிடைத்த பூஸ்ட் எவ்வளவு? உள்ளே போகும் காற்றின் சூடு மிதிக்க மிதிக்க எவ்வளவு ஏறுகிறது? நொக்கினால் பொறி எத்தனை பாகை பின்னுக்குப் போகிறது, எந்தச் சிலிண்டரில்? முழு மிதியில் பெற்றோல் பம்பின் அமுக்கம் விழுகிறதா? காற்றுக்கும் பெற்றோலுக்கும் உள்ள விகிதம் எங்கே நிற்கிறது? இவற்றை விளங்கப்படுத்தத் தெரிந்தவர் ரியூனர். "அதெல்லாம் உங்களுக்கு விளங்காது தம்பி" என்பவர் கோப்பு விற்பவர். எங்கிருந்தோ வாங்கிய கோப்பை ஏற்றுவதற்கும், இந்தக் காரை, இந்த வெயிலில், இந்தப் பெற்றோலில் அளந்து சரிசெய்வதற்கும் இடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

செலவழிக்கும் ஒழுங்கும் தலைகீழாகக் கிடக்கிறது. பெடியள் முதலில் மாற்றுவது சத்தத்தை. மிதியை விடும்போது "புஸ்" என்று காற்று விடும் வால்வு, பெரிய சைலன்சர். பூனைச் சத்தத்தைப் புலிச் சத்தமாக்குவதால் காற்று குளிராது. கற்றலிற்றிக் கொன்வேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, வருட லைசன்ஸுக்குப் புகைப் பரிசோதனை வரும்போது திரும்பப் பூட்ட ஓடித் திரிவது இன்னொரு கூத்து. எங்களைக் கேட்டால், முதலில் எஞ்சினின் உடம்பைப் பாருங்கள்: கொம்பிரஷன் அளவு, ஒயில், பிளக், காற்றுக் குழாய்களில் ஒழுக்கு. பத்து வருடக் காருக்கு இதைச் செய்தாலே தொலைந்துபோன இழுவையில் ஒரு பங்கு திரும்பி வரும். அடுத்தது ரயரும் பிறேக்கும். மூன்றாவது இன்டர்கூலர். ரீமேப் கடைசி.

பிறேக்கை ஏன் முன்னுக்கு வைக்கிறோம்? 70இல் போகும் காரை நிறுத்துவதைவிட 100இல் போகும் காரை நிறுத்த பிறேக் விழுங்கவேண்டிய சக்தி இரண்டு மடங்கு. வேகம் ஒன்றரை மடங்குகூட ஏறவில்லை, சக்தி இரட்டிப்பாகிவிட்டது. நகரத்துக்கு வெளியே காருக்குச் சட்டம் விடும் வேகமே மணிக்கு 70 கிலோமீற்றர். 100 விடும் அதிவேகப் பாதை ஒன்றும் வடக்கில் இல்லை. எங்களிடம் இருப்பது ஏ9. இரவில் வன்னிப்பக்கம் அதில் மாடு படுத்திருக்கும், லைற் இல்லாத சைக்கிள் வரும்.

"என்ர கார், என்ர காசு" என்று ஒரு பதில் வரும். எஞ்சின் உங்களுடையது, றோட்டு எல்லாருடையதும். வேகத்துக்கென்று இந்த நாட்டில் இடங்கள் இருக்கின்றன. நுவரெலியாவில் மஹகஸ்தொட்டை மலையேற்றப் போட்டி 1934இலிருந்து வரும் பாரம்பரியம். கட்டுக்குருந்தையில் ஓட்டப் பாதை இருக்கிறது. ஒழுங்குபடுத்திய இடத்திலும் ஆபத்து இருக்கத்தான் செய்கிறது. 2024 ஏப்ரலில் தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் போட்டியில் பாதையை விட்டு விலகிய கார் பார்வையாளர்களுக்குள் புகுந்து ஏழு பேர் இறந்தார்கள். போட்டிக்கென்று கூட்டிய இடத்திலேயே அது நடக்குமென்றால், பள்ளிக்கூடம் விடும் நேரத்து றோட்டைப் பற்றி என்ன சொல்ல இருக்கிறது?

எஞ்சினைத் தன் தேவைக்கு மாற்றுவது எங்கட சனத்துக்குப் புதிதில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகக் குறைவு, எஞ்சின் லேசில் நொக் அடிக்கும். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின்கள் என்றபடியால் தாங்கின. எந்த எஞ்சின் எதைத் தாங்கும் என்று அந்த மெக்கானிக்மாருக்குக் காது சொன்னது. லப்டொப் இல்லை, ஆனால் செய்கிற வேலை என்னவென்று தெரிந்திருந்தது.

இன்றைக்கு அந்தக் காதின் இடத்தில் இருப்பது லொக். ஓ.பி.டி. துவாரத்தில் செருகும் ஒரு மலிவான அடப்டரும் ஃபோனில் ஒரு செயலியும் இருந்தாலே இந்த எண்களில் பலவற்றை நீங்களே பார்க்கலாம். ரீமேப் பற்றிக் கதைக்கப் போகுமுன் ஒரு கிழமை அவற்றோடு ஓடுங்கள். உங்கட கார் காலையில் எப்படி மூச்சு விடுகிறது, மத்தியானம் எப்படி என்று தெரிந்துகொண்டு போங்கள். அதன்பிறகு அண்ணை லப்டொப்பைத் திறக்கட்டும். முதல் கேள்வி உங்களுடையதாக இருக்கட்டும்.