துணியைத் தொட்டுப் பார்த்து முடிவெடுங்கள்



பிளஸ் டூ பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இப்போது அரையாண்டுத் தேர்வுப் பேச்சுதான் ஓடிக்கொண்டிருக்கும். எந்தக் கல்லூரி, என்ன படிப்பு என்பதையெல்லாம் மே மாதம் மார்க் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது நம் வீடுகளின் வழக்கம். ஃபேஷன் டிசைன் படிக்க ஆசைப்படும் பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த வழக்கம் உதவாது. நிஃப்ட் என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனத்தின் நுழைவுத் தேர்வுக்கு ஆண்டு முடிவதை ஒட்டி விண்ணப்பிக்க வேண்டும்; ஜனவரி, பிப்ரவரி வாக்கில் எழுத்துத் தேர்வே முடிந்துவிடும். பிளஸ் டூ மார்க் வந்த பிறகு விசாரிக்கப் போனால், கதவு மூடிப் பல மாதங்கள் ஆகியிருக்கும். அதனால்தான் மே மாதத்தில் எழுதவேண்டிய பக்கத்தை இப்போதே எழுதுகிறேன்.

கரூரிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகளுக்கு நிஃப்டில் சேர ஆசை. அப்பாவோ, “தையல் கத்துக்கவா நாலு வருஷமும் பத்து லட்சமும்?” என்று கேட்கிறாராம். “காலேஜ் நல்ல காலேஜ்தானே, சேர்த்துவிடலாமா?” என்பது அம்மாவின் கேள்வி.

கல்லூரியைப் பற்றி மட்டும் கேட்டால் பதில் சுலபம். 1986-இல் ஒன்றிய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் டெல்லியில் தொடங்கியது. சென்னை தரமணி வளாகம் 1995-இல் வந்தது. 2006-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, நிறுவனமே பட்டம் வழங்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. நாட்டின் பெரிய ஆடை நிறுவனங்கள் ஆள் தேடி வரும் இடம். ஆனால் நம் வீடுகளில் முதலில் கல்லூரியின் பெயரை முடிவு செய்கிறோம், பிறகு கிடைத்த படிப்பை எடுத்துக்கொள்கிறோம், நான்கு ஆண்டு கழித்துத்தான் அது என்ன வேலை என்று தெரிந்துகொள்கிறோம். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள் என்றுதான் அந்த அம்மாவிடம் சொல்வேன். முதலில் வேலை, பிறகு அதற்கான படிப்பு, கடைசியில் கல்லூரி.

ஃபேஷன் என்றதும் மேடையில் நடக்கும் மாடல்தான் நினைவுக்கு வருகிறார். இந்தத் தொழிலில் மேடை மிகச் சிறிய பகுதி. திருப்பூர் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வெளிநாட்டு பையர் ஒரு டி-ஷர்ட் ஆர்டர் கொடுத்தால், துணியின் எடையைச் சொல்லும் ஜிஎஸ்எம் என்ன, கழுத்துப் பட்டியின் அகலம் எவ்வளவு, எந்தத் தையல் எங்கே என்று எல்லாம் எழுதிய டெக் பேக் வருகிறது. சாயப் பட்டறையிலிருந்து லேப் டிப் என்ற சாய மாதிரியை வாங்கி நிறத்துக்கு ஒப்புதல் பெறுபவர் மெர்ச்சண்டைசர். பேட்டர்ன் மாஸ்டர் அட்டையில் வெட்டித் தருகிறார். சாம்பிள் தைத்து, திருத்தி, மறுபடி தைத்து, கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங் எல்லாம் தாண்டி, சொன்ன தேதிக்குப் பெட்டி கிளம்ப வேண்டும். இத்தனை இடங்களிலும் படித்தவர்களுக்கு வேலை இருக்கிறது. நிஃப்ட் முடித்தவர்களிலும் தன் பெயரில் கடை திறப்பவர்கள் சிலர்தான். ஏற்றுமதி நிறுவனங்கள், பையிங் ஆபீஸ்கள், பெரிய துணிக்கடைகளின் சொந்த பிராண்டுகள் ஆகியவைதான் மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வேலை தருகின்றன. இதைத் தெரிந்துகொண்டு சேரும் பிள்ளைக்கு ஏமாற்றம் இருக்காது.

படிப்பும் ஒன்று இல்லை, பல. நான்காண்டு பி.டெஸ். என்ற ஒரே பட்டத்துக்குள் ஃபேஷன் டிசைன், டெக்ஸ்டைல் டிசைன், நிட்வேர் டிசைன், லெதர் டிசைன், அக்சசரி டிசைன், ஃபேஷன் கம்யூனிகேஷன் என்று பிரிவுகள் இருக்கின்றன. எந்த குரூப் படித்தவரும் இவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். கணக்கும் இயற்பியலும் படித்து, இயந்திரமும் உற்பத்தியும் பிடித்த பிள்ளைக்கு ஆடை உற்பத்தியைச் சொல்லித்தரும் பி.எஃப்.டெக். இருக்கிறது. நூலின் நிறத்திலும் நெசவின் கட்டத்திலும் லயிக்கும் பெண், பெயர் கவர்ச்சியாக இருக்கிறதே என்று ஃபேஷன் டிசைனை எடுத்துவிட்டு டெக்ஸ்டைல் வகுப்பை ஏக்கத்தோடு பார்க்கக் கூடாது. சென்னை வளாகத்தில் நிட்வேர் பிரிவு இருக்கிறது. பின்னலாடைக்கு திருப்பூரைப்போல ஒரு பாடசாலை நாட்டில் வேறு எங்கே?

சரி, என் பிள்ளைக்கு இது பொருந்துமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? படம் நன்றாக வரைகிறாள் என்பது மட்டும் போதாது. புதுத் துணி நன்றாகத் தேர்ந்தெடுக்கிறாள் என்பது இன்னும் போதாது. விண்ணப்பிப்பதற்கு முன் ஒரு விடுமுறை நாளில் இதைச் செய்து பாருங்கள். நன்றாக உடம்போடு பொருந்துகிற ஒரு பழைய ரவிக்கையை எடுத்து, தையலை முழுவதும் பிரித்து, துண்டுகளை அயர்ன் செய்து செய்தித்தாள் மேல் பரப்பச் சொல்லுங்கள். ஓரம் பிசகாமல் வரைந்து, அந்த வரைபடத்தை வைத்து மலிவான காடாத் துணியில் வெட்டி, திரும்பத் தைக்கட்டும். கைத்துண்டின் மேல் வளைவையும் கைக்குழியையும் நூல் வைத்து அளந்தால் பெரும்பாலும் இரண்டும் சமமாக இருக்காது. கையின் வளைவு சற்றுக் கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதலைச் சுருக்கம் தெரியாமல் அடக்கித் தைப்பதால்தான் தோளின் உருண்டைக்கு இடம் கிடைக்கிறது. துணியை நேர்நூல் வாக்கில் இழுத்தால் நீளாது, மூலைவாக்கில் இழுத்தால் நெகிழும். கிராஸ் கட் ரவிக்கை உடம்பில் அமர்வதற்கு அதுதான் காரணம். தட்டையான துணி வளைந்த உடம்பின் மேல் உட்காருவது எப்படி என்ற இந்தப் புதிர்தான் ஆடை வடிவமைப்பின் உயிர்.

முதல் முறை கோணலாகத்தான் வரும். அதைக் கவனிக்க வேண்டாம். கோணலாக வந்ததைப் பார்த்துவிட்டு அவள் என்ன செய்கிறாள் என்பதைக் கவனியுங்கள். சாப்பிடக் கூப்பிட்டும் வராமல் மறுபடி பிரிக்கிறாள் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, விண்ணப்பம் போடுங்கள். அரை மணியில் சலித்துப்போய் ஓரமாக வைத்துவிட்டால் அதுவும் நல்ல செய்திதான். பத்து லட்சம் செலவாகும் முன்பே தெரிந்துவிட்டது. ஒருவேளை அவளுக்குப் பிடித்தது ஆடையைப் பற்றி எழுதுவதாகவோ படம் எடுப்பதாகவோ விற்பதாகவோ இருக்கலாம். அதற்கும் பிரிவுகள் உண்டு.

கரூர் அப்பாவின் கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம் ஐயா, தையலும் கற்றுக்கொள்வாள். கை வேலை தெரியாத டிசைனரை எந்த பேட்டர்ன் மாஸ்டரும் மதிக்கமாட்டார். தையல் என்ற சொல்லில் குறைவாக நினைக்க எதுவும் இல்லை. உங்கள் ஊரின் திரைச்சீலையும் படுக்கை விரிப்பும் கடல் கடந்து போவது தையல் தெரிந்தவர்களால்தான். ஆண் பிள்ளை இந்தப் படிப்பைக் கேட்டால் முகம் சுளிக்கும் வீடுகளுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

நுழைவுத் தேர்வைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பி.டெஸ். சேர்க்கைக்கு மூன்று கட்டங்கள். படைப்புத் திறன் தேர்வு, பொதுத்திறன் தேர்வு, இரண்டிலும் தேறியவர்களுக்கு சிச்சுவேஷன் டெஸ்ட். அந்த மூன்றாவதில், கொடுக்கும் பொருள்களை வைத்துச் சொன்ன சூழலுக்கு ஏற்ப ஒரு மாதிரியைக் கையால் செய்து காட்ட வேண்டும். படைப்புத் திறன் தேர்வுக்குத்தான் எடை அதிகம். அதில் அழகான முகம் வரைவதைவிட, கண் எதைப் பார்த்தது, மூளை என்ன யோசித்தது என்பதற்கே மதிப்பு. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து தலைச்சுமை தூக்குபவரின் தோள் எப்படிச் சாய்கிறது, மழையில் ஓடும் பெண் சேலையை எங்கே பிடித்துக்கொள்கிறாள் என்று தினமும் வரையும் பிள்ளைக்குக் கோச்சிங் இல்லாமலும் வரும்.

என் கவலையெல்லாம் பொதுத்திறன் தேர்வைப் பற்றியது. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். கேள்விகளில் கணிசமான பங்கு ஆங்கில மொழி அறிவைச் சோதிப்பவை. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த, கைத்திறன் கொட்டிக் கிடக்கும் பிள்ளை இங்கேதான் தடுக்கி விழுகிறது. துணி எந்த மொழியும் கேட்பதில்லை, தேர்வு கேட்கிறது. இது மாற வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். மாறும்வரை நம் பிள்ளைகள் காத்திருக்க முடியாது என்பதால், பதினொன்றாம் வகுப்பிலிருந்தே தினம் ஒரு பக்கம் ஆங்கிலச் செய்தித்தாள் வாசிக்கும் பழக்கத்தை ஆசிரியர்கள் ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும்.

காஞ்சிபுரம், ஆரணி, சின்னாளபட்டி பக்கத்து வாசகர்களிடம் தனியாகப் பேச ஆசை. நிஃப்ட் மாணவர்கள் படிப்பின் ஒரு பகுதியாகக் கைவினை ஊர்களுக்குப் போய்த் தங்கி, நெசவாளர்களிடமும் கைவினைஞர்களிடமும் கற்றுக்கொள்கிறார்கள். டெல்லியிலிருந்தோ மும்பையிலிருந்தோ வந்த பத்தொன்பது வயதுப் பிள்ளை, உங்கள் தறியின் பக்கத்தில் உட்கார்ந்து, உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் இருக்க இரண்டையும் இணைக்கும் கோர்வை எப்படி விழுகிறது, முந்தானை சேரும் இடத்தில் பேட்னி எப்படிப் போடுகிறார்கள் என்று நோட்டில் எழுதிக்கொள்கிறது. உங்கள் மகள் அதைத் தொட்டிலிலிருந்தே பார்த்து வளர்ந்தவள். அவள் ஏன் அந்த வகுப்பில் இருக்கக் கூடாது? கைவினைஞர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் என்று தனிச் சேர்க்கை ஒன்றையும் சில ஆண்டுகளாக நிஃப்ட் நடத்துகிறது. அரசு வழங்கும் கைவினைஞர் அடையாள அட்டை அதற்கு வேண்டும். விவரத்தை இந்த ஆண்டு அறிவிப்பில் தவறாமல் பாருங்கள்; அட்டை வாங்காதவர்கள் முதலில் அதை வாங்கிக்கொள்ளுங்கள். தறியை விட்டுப் பிள்ளைகள் போகிறார்களே என்று வருந்துகிறோம். தறியைப் பற்றிய அறிவோடு வடிவமைப்பாளராக ஒரு பிள்ளை திரும்பி வந்தால், விலையை யார் நிர்ணயிப்பது என்ற கேள்விக்கே பதில் மாறலாம்.

பணம். நான்கு ஆண்டுக் கல்விக் கட்டணம் மட்டுமே பத்து லட்சத்தைத் தாண்டும். அதற்கு மேல் விடுதி, சாப்பாடு, லேப்டாப். பலரும் கணக்கில் எடுக்காத செலவு ஒன்று உண்டு: துணி, நூல், அட்டை, பிரிண்ட், கடைசி ஆண்டு கலெக்‌ஷன் என்று பொருள்களுக்கு ஆகும் காசு. கல்விக் கடன் வாங்கலாம். குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தில் உதவும் திட்டமும் கல்லூரியிலேயே உண்டு. ஆனால் தொடக்கச் சம்பளம் எல்லோருக்கும் பெரிதாக இருக்காது என்பதை மனதில் வைத்து மாதத் தவணையைக் கணக்கிடுங்கள். வீட்டை அடகு வைத்துத்தான் சேர்க்க முடியும் என்றால் நான் வேறு வழியைத்தான் முதலில் காட்டுவேன்.

வேறு வழிகள் நம் ஊரிலேயே இருக்கின்றன. கோவை பிஎஸ்ஜி, குமரகுரு பொறியியல் கல்லூரிகளில் ஃபேஷன் டெக்னாலஜி பி.டெக். இருக்கிறது. கோவை, திருப்பூர் வட்டாரக் கலை அறிவியல் கல்லூரிகளில் காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் பி.எஸ்சி. இருக்கிறது. சேலத்தில் 1960 முதல் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் தொடங்கிய நிஃப்ட்-டீ கல்லூரியும் இருக்கிறது. பெயரில் நிஃப்ட் இருந்தாலும் அது நான் மேலே சொன்ன நிறுவனத்தின் வளாகம் அல்ல, பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனிக் கல்லூரி என்று தெரிந்து சேருங்கள். காதுக்கு ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களில் தனியார் நிறுவனங்கள் பல உண்டு. பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.

பெரிய பெயர்களும் ஒரே கதவு வழியாக வந்தவர்கள் இல்லை. சப்யசாச்சி முகர்ஜி கொல்கத்தா நிஃப்டில் படித்து 1999-இல் வெளிவந்தவர். பாரிஸ் ஹாட் கூட்டூர் வாரத்தில் 2020-இல் ஆடைகளைக் காட்டிய முதல் இந்திய வடிவமைப்பாளர் ராகுல் மிஸ்ரா. உத்தரப் பிரதேசக் கிராமத்துக்காரர், இயற்பியல் பட்டதாரி, அதன் பிறகே அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் சேர்ந்தார். ‘காந்தி’ படத்தின் உடை வடிவமைப்புக்காக ஆஸ்கர் வாங்கிய முதல் இந்தியர் பானு அதையா, கோலாப்பூரில் பிறந்து மும்பை ஜே.ஜே. கலைப் பள்ளியில் ஓவியம் படித்தவர். அவர் ஆஸ்கரைக் கையில் வாங்கியபோது நிஃப்ட் பிறக்கவே இல்லை.

தேர்வில் இடம் கிடைத்து, தரமணிக்குப் பதில் ஷில்லாங்கோ காங்ராவோ வந்தால் என்ன செய்வது என்று வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள். ரேங்க் வரிசைப்படிதான் வளாகமும் பிரிவும் கிடைக்கும். விரும்பிய பிரிவு தூரத்தில் கிடைத்தால் போகட்டும். விரும்பாத பிரிவைப் பக்கத்தில் வாங்குவதைவிட அது மேல். மலையூரில் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் போதும், பிடிக்காத வகுப்பில் நான்கு ஆண்டு உட்காருவதற்கு மருந்தே இல்லை.

இந்த முறை கிடைக்காவிட்டால் பிள்ளையைத் திட்ட வேண்டாம். 24 வயதுக்குள் இருந்தால் மறுபடி எழுதலாம். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. நடுவில் பி.எஸ்சி. சேர்ந்துகொண்டு, விடுமுறைகளில் ஒரு தையல் யூனிட்டில் சாம்பிள் பிரிவில் நின்று பழகட்டும். பட்டம் முடித்து எம்.டெஸ். என்ற முதுநிலைப் படிப்புக்கு முயலலாம். அதற்கு எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றிருந்தாலும் சரி, வயது வரம்பும் கிடையாது.

அன்புடன்,
ஆசிரியர்